எட்டி வேறு, ஆர்ட்டிமீசியா வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை ரொம்ப வருடமாகப் படிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது என் அத்தை. போன ஞாயிறு காலையில் போன் செய்து, "ஏம்ப்பா, எட்டி இலையை எத்தனை டம்ளர் தண்ணியில போட்டுக் கொதிக்க வைக்கணும்?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது, அதோடு சேர்த்து இதையும் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், உங்கள் மருத்துவ இணைப்பைச் சொன்னார்.

எடுத்துப் படித்தேன். நோபல் பரிசு பெற்றுத்தந்த அதிசய மூலிகை எட்டி, அதன் கஷாயம் 16 மணி நேரத்தில் 98 சதவீதப் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றுவிடும், மலேரியா, குடல்புழு, பசியின்மை எல்லாம் போகும், இரண்டாயிரம் வருடமாகச் சீனர்கள் பயன்படுத்துகிறார்கள், பக்கவிளைவே கிடையாது என்று போகிறது கட்டுரை. இதில் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது, அதுதான் சிக்கலே. வேறு வேறு செடிகளின் உண்மைகளை வெட்டி எடுத்து ஒட்டி, கடைசியில் அந்தச் செடிகள் எதனோடும் சம்பந்தமே இல்லாத ஒரு மரத்தின் பெயரை மேலே வைத்துவிட்டார்கள்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் வார்ம்வுட் என்று சொல்லப்படும் செடியைத்தான் உங்கள் கட்டுரையாளர் எட்டி என்று எழுதியிருக்கிறார். இது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பழைய தமிழ் பைபிளில் அந்தச் சொல் வரும் இடங்களில் எட்டி என்றுதான் போட்டிருக்கிறார்கள், வெளிப்படுத்தின விசேஷத்தில் வானத்திலிருந்து விழும் நட்சத்திரத்தின் பெயர்கூட எட்டிதான். அங்கே அது சரி. மொழிபெயர்த்தவர்களுக்கு வேண்டியது கசப்பு, கசப்பு என்றதும் தமிழனுக்கு எட்டிக்காய் நினைவுக்கு வரும், "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் வேத புத்தகத்தில் உவமைக்கு வந்த சொல்லை எடுத்து மருந்துக் குறிப்பில் வைத்தால் ஆள் செத்துப்போவான். மிகையாகச் சொல்லவில்லை. எட்டி என்பது ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்வாமிகா என்ற மரம், அதன் விதையில் ஸ்ட்ரிக்னைன், புரூசின் என்ற இரண்டு நஞ்சுகள் இருக்கின்றன. விதையில் அதிகம், இலையிலும் பட்டையிலும்கூட உண்டு. தண்டுவடத்தில் தசைகளை அடக்கி வைக்கும் சமிக்ஞையை ஸ்ட்ரிக்னைன் தடுத்துவிடும், அதன்பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டால்கூட உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். சித்த மருத்துவத்தில்கூட எட்டி விதையைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை, இணையத்தில் சிலர் வார்ம்வுட் செடியை "புழு மரம்" என்று எழுதுகிறார்கள். அது மரமும் இல்லை, அந்தப் பெயருக்கும் புழுவுக்கும் முதலில் சம்பந்தமும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் வெர்மோட் என்று இருந்த சொல், யாருக்கும் பொருள் விளங்காமல் வார்ம், வுட் என்று இரண்டாக உடைந்து நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் இன்றும் வெர்முட், அதிலிருந்துதான் வெர்மூத் என்ற மதுவின் பெயரும் வந்தது.

சரி, உண்மையில் எந்தச் செடி? ஆர்ட்டிமீசியா என்பது ஒரு பெரிய பேரினம், சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, சுமார் 500 இனங்கள். நமக்குத் தெரிந்த மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் இதில்தான் வருகின்றன. பெயரால் அண்ணன் தம்பிகள் என்றாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கிடைப்பது சீனர்கள் சிங்ஹாவ் என்று சொல்லும் ஆர்ட்டிமீசியா அன்னுவாவில். ஐரோப்பாவில் வார்ம்வுட் என்று சொன்னால் பெரும்பாலும் குறிப்பது ஆர்ட்டிமீசியா அப்சிந்தியத்தை, அதில் இருப்பது அப்சிந்தின் என்ற கடுங்கசப்பும் துஜோன் என்ற வாசனை எண்ணெய்ப் பொருளும். குடல்புழு மருந்து வந்தது ஆர்ட்டிமீசியா சினா என்ற மூன்றாவது செடியிலிருந்து. உங்கள் கட்டுரை நோபல் பரிசை முதல் செடியிடமிருந்தும், பசி தூண்டும் குணத்தை இரண்டாவதிடமிருந்தும், புழு கதையை மூன்றாவதிடமிருந்தும் வாங்கி எட்டி மரத்தின் தலையில் சூட்டியிருக்கிறது. ஒரே வீட்டில் பிறந்ததற்காகத் தம்பி வாங்கிய பட்டத்தை அண்ணன் போட்டுக்கொள்ள முடியுமா?

நான் பல வருடம் மருந்தாக்கவியல் மாணவர்களுக்குத் தாவர மருந்துகள் பாடம் நடத்தியவன். ஆர்ட்டிமிசினின் கதையை ஒவ்வொரு வருடமும் சொல்வேன், ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு தப்பான பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகும். "பார்த்தீர்களா, முன்னோர்கள் எழுதி வைத்தது அப்படியே சரி" என்று. அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1967 மே 23. வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்கிறது, இரண்டு தரப்பிலும் குண்டடியோடு மலேரியாவும் ஆட்களைச் சாய்க்கிறது, அதுவரை கைகொடுத்த குளோரோகுயின் அந்தப் பகுதியில் வேலை செய்யாமல் போகத் தொடங்கியிருந்தது. வட வியட்நாம் கேட்டதன்பேரில் சீனா ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது, தொடங்கிய தேதியையே வைத்து அதற்கு 523 என்று பெயர். (எதிர்த்தரப்பில் அமெரிக்க ராணுவமும் சும்மா இருக்கவில்லை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சோதித்தார்கள், மெஃப்ளோகுயின் என்ற மலேரியா மருந்து அதிலிருந்துதான் வந்தது.) 1969இல் பெய்ஜிங்கில் இருந்த சீனப் பாரம்பரிய மருத்துவ நிறுவனத்தின் குழுவுக்கு து யூயூ என்ற பெண்மணி தலைவரானார். முனைவர் பட்டம் கிடையாது, வெளிநாட்டில் படித்ததும் கிடையாது. அவருடைய குழு பழைய நூல்களையும் வைத்தியர்களையும் துருவி 2000 குறிப்புகள் சேர்த்தது, அதில் 640ஐப் பொறுக்கி எடுத்தது, பிறகு சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகள் எடுத்து மலேரியா தொற்றிய எலிகளிடம் சோதித்துப் பார்த்தது.

இந்த இடத்தில்தான் நான் மாணவர்களை நிறுத்துவேன். 2000 குறிப்புகளும் முன்னோர் எழுதியவைதான். அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே தோற்றன. சிங்ஹாவ்கூட முதலில் தோற்றது என்பதுதான் யாரும் சொல்லாத விஷயம். ஒருமுறை 68 சதவீதம் வரை ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தியது, மறுபடி செய்தபோது 12 முதல் 40 சதவீதத்தில் படுத்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு மூலிகை கைவிடப்பட்டுவிடும். து யூயூ மறுபடி பழைய நூல்களுக்குப் போனார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில் ஒரே ஒரு வரி: ஒரு பிடி சிங்ஹாவை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, சாற்றை முழுவதும் குடி. கொதிக்க வை என்று அதில் இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்கு அப்போது சந்தேகம் வந்தது. அதனால் தண்ணீரை விட்டுவிட்டு ஈதரில் எடுத்துப் பார்த்தார், ஈதர் சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் பெரிய சூடே தேவையில்லை. அப்படி எடுத்த சாற்றிலிருந்து அமிலத் தன்மையுள்ள பகுதியைப் பிரித்து நீக்கினார், ஏனென்றால் நச்சுத்தன்மை அதில் இருந்தது, பலன் அதில் இல்லை. மிச்சம் இருந்ததுதான் 191ஆம் எண் மாதிரி. 1971 அக்டோபர் 4. எலிகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லை, 100 சதவீதம்.

அப்புறமும் கதை நேராகப் போகவில்லை. கலாச்சாரப் புரட்சிக் காலம், மருந்துத் தொழிற்கூடங்கள் மூடிக் கிடந்தன, வீட்டு உபயோகத் தொட்டிகளில் ஈதரை ஊற்றிச் சாறு எடுத்தார்கள். மனிதருக்குக் கொடுக்கும் முன் அவரும் இரண்டு சக ஊழியர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். 1972இல் 21 நோயாளிகளிடம் சோதனை, காய்ச்சல் இறங்கியது, அந்த வருடக் கடைசிக்குள் படிகமாக ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் அதே படிகத்தை மாத்திரையாக்கி ஹைனான் தீவில் கொடுத்தால் எதிர்பார்த்த பலன் இல்லை! மருந்து பொய்யா என்று எல்லோரும் முழிக்க, பார்த்தால் மாத்திரை வயிற்றில் சரியாகக் கரையவே இல்லை. கேப்சூலில் போட்டுக் கொடுத்ததும் வேலை செய்தது. இந்தக் கேப்சூல் விவகாரம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் செடியும் சரி, மூலக்கூறும் சரி, நோயாளியும் சரி, அப்படியிருந்தும் மாத்திரை அழுத்திய விதம் தப்பாக இருந்ததால் மருந்து பலிக்கவில்லை. இலையை டம்ளர் கணக்கில் கொதிக்க வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். து யூயூவுக்கு நோபல் பரிசு வந்தது 2015இல், அதுவும் பாதிப் பரிசு, மறு பாதி வேறு ஒட்டுண்ணி மருந்துக்காக வில்லியம் கேம்ப்பெல், சதோஷி ஓமுரா இருவருக்கும் போனது.

இரண்டாயிரம் வருடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் உண்மைதான். சீனாவின் மாவாங்துயில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையில் கிடைத்த மருத்துவச் சுவடியில் சிங்ஹாவ் வருகிறது. எதற்கு மருந்தாகத் தெரியுமா? மூலத்துக்கு. மலேரியாவுக்கு அல்ல. பழமையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் மூலத்துக்குத்தான் முதல் மரியாதை கொடுக்க வேண்டும்.

இந்த மூலக்கூறு எப்படி வேலை செய்கிறது என்பதும் அழகான விஷயம். ஆர்ட்டிமிசினினுக்குள் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த பெராக்சைடு பாலம் ஒன்று இருக்கிறது, கண்ணிவெடி மாதிரி. மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது, தின்னத் தின்ன அதற்குள் இரும்பு நிறைந்த ஹீம் குவிகிறது. அந்த இரும்பு பட்டதும் பாலம் உடைந்து, சிதறும் வேதித் துண்டுகள் கையில் கிடைத்த புரதத்தையெல்லாம் சேதப்படுத்தி ஒட்டுண்ணியைக் கொல்கின்றன. தின்ற சாப்பாடே திரியைக் கொளுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து செய்த ஆர்ட்டிசுனேட் ஊசியை, நூற்றாண்டுகளாக இருந்த குயினைனோடு ஆசிய நாடுகளில் 1461 கடும் மலேரியா நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த முடிவு: குயினைன் வாங்கியவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் வாங்கியவர்களில் 15 சதவீதம். 2010இல் ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5425 பேரிடம் செய்ததில் குயினைனில் 10.9 சதவீதம், ஆர்ட்டிசுனேட்டில் 8.5 சதவீதம். மூலிகை ஆராய்ச்சியால் உயிர் பிழைத்ததற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் இந்த எண்களைத்தான் காட்ட வேண்டும், நீங்கள் இவற்றை விட்டுவிட்டீர்கள்.

அப்படியானால் செடியையே கஷாயம் வைத்துக் குடித்தால் என்ன? நியாயமான கேள்வி, அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்பது கிராம் அன்னுவா இலையில் ஒரு லிட்டர் தேநீர் போட்டு அளந்தபோது கிடைத்த ஆர்ட்டிமிசினின் 94.5 மில்லிகிராம், அதாவது ஒரு நாளைக்குத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசில் மலேரியா நோயாளிகளுக்கு ஏழு நாள் அந்தத் தேநீரையே கொடுத்துப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழாம் நாள் சராசரியாக 74 சதவீதம் பேருக்குக் குணம், குயினைன் குடித்தவர்களில் 91. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் தேநீர் குடித்தவர்களில் நிறையப் பேருக்கு அடுத்த சில வாரத்தில் மலேரியா திரும்பி வந்துவிட்டது, அதனால் இதைத் தனியாகக் கொடுக்கச் சொல்ல முடியாது என்று ஆராய்ந்தவர்களே எழுதினார்கள். ஆர்ட்டிமிசினின் வேகமாக வேலை செய்துவிட்டுச் சில மணி நேரத்திலேயே உடம்பைவிட்டுப் போய்விடும் மருந்து. போதாக்குறைக்கு, தொடர்ந்து சாப்பிட்டால் கல்லீரல் அதைச் சிதைக்கும் நொதிகளைக் கூட்டிக்கொள்ளும், நாளாக நாளாக ரத்தத்தில் அளவு குறையும். அதனால்தான் நீடித்து நிற்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001இலேயே சொன்னது, இலையாகவும் தேநீராகவும் மலேரியாவுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. குறை அளவு மருந்தால் சாகாமல் தப்பும் ஒட்டுண்ணி சும்மா இருக்காது. கம்போடியாவின் மேற்கில் ஆர்ட்டிமிசினினுக்கு மெதுவாகவே மசியும் ஒட்டுண்ணிகள் 2009 வாக்கில் தெளிவாகத் தெரிந்தன, கெல்ச்-13 என்ற மரபணுவின் மாற்றம்தான் அடையாளம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள், இப்போது ருவாண்டா, உகாண்டா வரை அப்படிப்பட்ட ஒட்டுண்ணிகள் வந்துவிட்டன. 2020இல் மடகாஸ்கரில் கொரோனாவுக்கு ஆர்ட்டிமீசியா பானம் என்று ஜனாதிபதியே மேடையில் குடித்துக் காட்டினார், அது நோயைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் கடைசிவரை வரவில்லை.

இப்போது அந்த 98 சதவீதம். அத்தையைப் போன் எடுக்க வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த எண் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி லாய், நரேந்திர சிங் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருகுவதால் இரும்பை நிறைய உள்ளே இழுக்கும். இரும்புதானே அந்தக் கண்ணிவெடிக்குத் திரி, மலேரியாவில் நடப்பது இங்கேயும் நடக்காதா என்று யோசித்தார்கள். நல்ல யோசனை. தட்டில் வளர்த்த மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்கு முதலில் இரும்பேந்திய டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைக் கொடுத்து, பிறகு ஆர்ட்டிமிசினினிலிருந்து செய்த டைஹைட்ரோஆர்ட்டிமிசினின் என்ற சுத்தமான வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். 16 மணி நேரம் கழித்து எண்ணியபோது சுமார் 2 சதவீதச் செல்கள்தான் மிச்சம். இதில் எங்கேயாவது கஷாயம் இருக்கிறதா? நோயாளி இருக்கிறாரா? எலிகூட இல்லை. பயன்படுத்திய மருந்தின் செறிவும், மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் வரக்கூடியதைப்போலப் பல மடங்கு. தட்டில் கிடக்கும் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை, ப்ளீச்சிங் பவுடர் கரைசலும் கொல்லும், பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவைத்து, ஓர் ஆளின் ரத்தத்தில் போய்ச் சேரும் அளவில் கொல்ல வேண்டும், அங்கேதான் நூற்றில் தொண்ணூற்றொன்பது மருந்துகள் விழுந்துவிடுகின்றன.

அதற்காக அந்தப் பாதையை யாரும் மூடிவிடவில்லை. லண்டனில் பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கு முன் 14 நாள் ஆர்ட்டிசுனேட் மாத்திரை கொடுத்து ஒரு சிறிய சோதனை நடந்தது, 2015இல் வெளியானது. கணக்கில் எடுத்தவர்கள் 20 பேர். மருந்து வாங்கியவர்களில் ஒருவருக்கும், வெற்று மாத்திரை வாங்கியவர்களில் ஆறு பேருக்கும் நோய் திரும்பியது. படிக்கும்போது மனசு துள்ளும். ஆனால் 20 பேர் என்பது எதையும் தீர்மானிக்கப் போதாது, பெரிய சோதனை தேவை என்று செய்தவர்களே சொன்னார்கள். கவனியுங்கள், இங்கேயும் கொடுத்தது அளந்த மாத்திரை, அறுவை சிகிச்சையும் அதோடு நடந்தது.

அப்சிந்தியத்துக்கு வருவோம். இதன் கதை மதுக்கடையில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் ஆப்சிந்த் என்ற பச்சை மதுவில் மிதந்தன. 1905இல் சுவிட்சர்லாந்தில் ழான் லான்ஃப்ரே என்ற தொழிலாளி கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் சுட்டுக் கொன்றபோது, அவன் அன்றைக்குக் குடித்த இரண்டு கிளாஸ் ஆப்சிந்தின்மீது பழி விழுந்தது. லிட்டர் கணக்கில் குடித்திருந்த ஒயினை யாரும் குற்றம் சொல்லவில்லை! ஒவ்வொரு நாடாகத் தடை வந்தது, பிரான்ஸில் 1915இல். பழைய, திறக்காத பாட்டில்களைத் தேடிப்பிடித்து அளந்து 2008இல் எழுதினார்கள், லிட்டருக்குச் சராசரியாக 25 மில்லிகிராம் துஜோன்தான் இருந்தது, பிரமை பிடிக்க வைக்க அது போதாது. பைத்தியமாக்கியது பெரும்பாலும் சாராயமேதான். ஆக, மூலிகைக்கு இல்லாத மகிமையைப் போலவே இல்லாத பழியையும் சுமத்தியிருக்கிறோம், அளந்து பார்த்தால்தான் இரண்டுமே தெரிகிறது. துஜோன் அப்பாவி என்று அர்த்தமில்லை. மூளையில் நரம்புகளின் வேகத்தைக் குறைக்கும் காபா என்ற வேதிப்பொருள் வேலை செய்யவிடாமல் அது தடுக்கிறது, அளவு மீறினால் வலிப்பு வரும்.

இதே அப்சிந்தியப் பொடியை, குடல் அழற்சி நோயான குரோன்ஸ் உள்ள 40 பேரிடம் ஜெர்மனியில் சோதித்து 2007இல் எழுதினார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தபோது, மூலிகை எடுத்தவர்களில் பெரும்பாலோர் தாக்குப்பிடித்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் அந்த அளவு பிடிக்கவில்லை. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் சின்னது, பெரிய அளவில் யாரும் திரும்பச் செய்து காட்டியதாக நான் பார்த்ததில்லை. பசியின்மை, லேசான அஜீரணம் இரண்டுக்கும் ஐரோப்பிய மருந்து முகமை இதை ஒப்புக்கொள்கிறது, அதுவும் "நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில்" என்று வெளிப்படையாகச் சொல்லித்தான், நிரூபணத்தின் அடிப்படையில் என்று சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது.

குடல்புழு சமாச்சாரத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். ஆர்ட்டிமீசியா சினாவின் மொட்டுகளிலிருந்து 1830இல் சாண்டோனின் என்ற பொருளைப் பிரித்தார்கள், நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு உருண்டைப்புழு மருந்து அதுதான். வேலை செய்தது. சாப்பிட்டவர்களுக்குப் பார்க்கிற எல்லாமே மஞ்சளாகத் தெரியும், அளவு கூடினால் வலிப்பு. இதைவிடப் பத்திரமான புழு மாத்திரைகள் வந்ததும் மருத்துவம் அதைக் கைவிட்டது. உங்கள் கட்டுரை இன்று அதை மறுபடி சிபாரிசு செய்கிறது.

"பக்கவிளைவே கிடையாது" என்ற வரிக்கு இரண்டே உதாரணம் போதும். 1997இல் ஒரு பெயர்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது: 31 வயது ஆள் இணையத்தில் வார்ம்வுட் எண்ணெய் வாங்கி, ஆப்சிந்த் என்று நினைத்து சுமார் 10 மில்லி குடித்துவிட்டார். வலிப்பு வந்தது, தசைகள் சிதைந்தன, சிறுநீரகம் செயலிழந்தது, நல்ல வேளை பிழைத்தார். பத்து மில்லி என்பது இரண்டு டீஸ்பூன். 2008இல் அமெரிக்காவில் இன்னொருவர் ஆர்ட்டிமிசினின் கலந்த சத்து மாத்திரை எடுத்துக் கல்லீரல் அழற்சியோடு மருத்துவமனைக்கு வந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே பதிவு செய்திருக்கிறது. புற்றுநோய் மருந்து எடுப்பவர்களின் கல்லீரல் ஏற்கெனவே இரண்டு ஆள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும், அதன்மேல் இதையும் ஏற்றினால் என்னாகும் என்று மாமாவின் மருத்துவரிடம் கேட்காமல் சொல்ல முடியாது.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை ஐயா, இதைப் படித்துவிட்டு யாரும் அப்படி எழுத வேண்டாம். சோறு போட்டதே மூலிகைப் பாடம்தான். 2024இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு ஒன்று, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 19 பெண்களுக்கு டைஹைட்ரோஆர்ட்டிமிசினினை 12 வாரம் கொடுத்ததில் 12 பேருக்கு மாதவிடாய் ஒழுங்கானதாக எழுதியதைப் படித்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மலேரியா மருந்து, ஆண் ஹார்மோன் சுரப்பில் போய்க் கைவைக்கிறது, எலியில் அதற்கான காரணத்தையும் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார்கள்! ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சின்ன ஆய்வுதான், ஆனால் இந்தச் செடி இன்னும் என்னென்ன வைத்திருக்கிறதோ என்று தோன்றத்தான் செய்தது. இதையெல்லாம் எழுதுங்கள். எழுதும்போது எந்த இனம் என்று முழுப்பெயர் போடுங்கள், இலையா எண்ணெயா பிரித்தெடுத்த மருந்தா என்று சொல்லுங்கள், தட்டிலா எலியிலா மனிதரிலா, மனிதர் என்றால் எத்தனை பேர் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எட்டுப் பத்திக் கட்டுரையில் இதற்கு இரண்டு வரி போதும்.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். வேறெதற்கும் இடமில்லை என்றால், அது எட்டி இல்லை என்பதை மட்டுமாவது உடனே போடுங்கள், நாளைக்கே. கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். மூலையில் பொடி எழுத்தில் வந்தால் அத்தைக்குக் கண் தெரியாது. நான் போனில் அரை மணி நேரம் சொல்லியும், "நீ சொல்ற, சரி, ஆனா பேப்பர்லயே போட்டிருக்கானே" என்றுதான் முடித்தார். உங்கள் கட்டுரையை வெட்டி காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். திருத்தம் வந்தால் அதையும் வெட்டி அதன்மேல் ஒட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்